மாத ஊசி போடும் வீட்டாருக்கு

நேயர்களுக்கு வணக்கம். மனநலப் பிரிவில் செவிலியராக வேலை பார்த்து ஓய்வுபெற்றவள் நான். இந்த ராமநாதபுரம் கரையில் மனநோய் என்று பேச்செடுத்தால் ஏர்வாடியைத் தொடாமல் போக முடியாது. 2001 ஆகஸ்ட் 6 அன்று அங்கே ஒரு மனநோயாளிகள் காப்பகத்தில் தீப்பிடித்து 28 பேர் இறந்தார்கள். சங்கிலி போட்டிருந்ததால் ஓட முடியவில்லை. 2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம் சங்கிலியைத் தடை செய்துவிட்டது. சரி. "கட்டாட்டி ஓடிருவான், மாத்திரை குடுத்தா துப்பிருவான், நான் என்ன செய்ய?" என்று கேட்கிற தாய்க்கு என்ன பதில்? பல வீடுகளுக்குப் பதில், மாத ஊசி: தினமும் மாத்திரை விழுங்காமல், உடம்பில் தங்கி வேலை செய்யும் மனநோய் மருந்து. அதுவும் போட்டுக்கொள்பவரிடம் விளக்கிச் சொல்லி, அவர் சம்மதத்தோடு.

மாத ஊசி என்கிறோமே தவிர, மருந்தைப் பொறுத்து இரண்டு வாரத்துக்கு ஒன்று, நாலு வாரத்துக்கு ஒன்று, மூன்று மாதத்துக்கு ஒன்றுகூட உண்டு. பழைய மருந்துகளான ஃப்ளூஃபெனசினும் ஹாலோபெரிடாலும் நல்லெண்ணெயில் கலந்து வருகின்றன. ஆமாம், நம் வீட்டு எள்ளின் எண்ணெய்தான். எள் ஒத்துக்கொள்ளாதவர்கள் முதலிலேயே சொல்லிவிடுங்கள். எண்ணெய் என்பதால் மெதுவாகத்தான் இறங்கும். சதைக்குள் ஆழமாகப் போடுவோம். ஊசியை எடுத்ததும் அம்மாக்களின் கை தானாகப் போய்த் தேய்க்கும். தேய்க்காதீர்கள். மருந்து அங்கேயே தங்கி, கொஞ்சம் கொஞ்சமாக ரத்தத்தில் கலக்க வேண்டும்.

தங்குவதில்தான் வசதி, தொல்லையும் அதில்தான். ஒத்துக்கொள்ளாத மாத்திரையை நிறுத்திவிடலாம், உள்ளே போன ஊசியைத் திரும்ப எடுக்க முடியாது. அதனால்தான் முதலில் மாத்திரையாகவோ சிறிய அளவிலோ கொடுத்துப் பார்ப்பார்கள்.

பாம்பன் பக்கத்துப் பையன் ஒருவன், விசைப்படகுக்குப் போகிறவன். முதல் ஊசி போட்டு இரண்டாம் நாள் கடலில் கழுத்து ஒரு பக்கமாக முறுக்கிக்கொண்டது. கண் மேலே சொருகிவிட்டது, பேச்சு குழறியது. கூட இருந்தவர்கள் காத்து கருப்பு என்று பயந்து, கரைக்கு வந்ததும் ஓதிப் பார்க்கக் கூட்டிப்போனார்கள். அந்தப் பெரியவர் விவரமானவர். "தம்பிக்கு ஊசி ஏதும் போட்டீகளா?" என்றாராம். ஓதிவிட்டு, கையோடு ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார். அது மாத ஊசியின் பக்கவிளைவு. அதைத் தளர்த்த ப்ரோமெதசின் ஊசி போட்டோம். அரை மணி நேரத்தில் கழுத்து நேரானது. பையன் டீ கேட்டான். இந்த முறுக்கலுக்கென்றே ட்ரைஹெக்ஸிஃபெனிடில் மாத்திரை கொடுத்திருந்தோம். அது வீட்டில், அரிசி டப்பா மேல் இருந்தது. "ஊசிதான் போட்டாச்சே, மாத்திரை எதுக்குன்னு வச்சிட்டேன்" என்றார் அம்மா. ஊசியோடு மாத்திரை கொடுத்திருந்தால், மருத்துவர் நிறுத்தச் சொல்லும் வரை கொடுங்கள்.

என்னைத் தெரிந்தவர்கள் "சீட்டு அக்கா" என்று கேலி செய்வார்கள். செய்யட்டும். மருந்தின் பெயர், அளவு, போட்ட தேதி, எந்தப் பக்கம், அடுத்த தேதி: ஒரு சீட்டில் எழுதி செல்போன் உறைக்குள் வையுங்கள். படகில் போகிறவர்கள் நனையாத கவரில் வையுங்கள். அந்தப் பையனிடம் சீட்டு இருந்திருந்தால் யாராவது ஒருவர் படித்திருப்பார். வெளியூர் மருத்துவருக்கும் அதுதான் வழிகாட்டி. இல்லாவிட்டால் தெரியாமல் இன்னொரு ஊசி போட்டுவிடுவார். போன தடவை வலது என்றால் இந்தத் தடவை இடது, அதற்கும் சீட்டுதான்.

அப்புறம் தேதி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், ஆள் வீட்டில் இருப்பார், ஊசி தவறாது. கடலுக்குப் போக ஆரம்பித்ததும் தேதி நழுவும். ஊசி நாளில் கடலில் இருப்பீர்கள் என்று தெரிந்தால் முன்னாடியே வந்து கேளுங்கள். தவறிவிட்டால் அடுத்த தடவை இரண்டாகப் போட்டுச் சரிக்கட்ட முடியாது. மருந்துக்கடையில் வாங்கித் தெரிந்தவரிடம் போட்டுக்கொள்ளவும் வேண்டாம்.

நேரம் முடிந்தது என்று வானொலி நிலையக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். எடை, சர்க்கரை பற்றி விரிவாகப் பேச இருந்தேன். இரண்டையும் அவ்வப்போது பார்த்துக்கொள்ளுங்கள். கடும் காய்ச்சல், உடம்பு விறைப்பு, குழப்பம் சேர்ந்து வந்தால் வெயில் சூடு என்று இருந்துவிடாமல் 108-ஐக் கூப்பிடுங்கள். ஒலன்சபின் மாத ஊசி போட்டால் மூன்று மணி நேரம் ஆஸ்பத்திரியிலேயே இருக்க வேண்டும், பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று கிளம்பக் கூடாது. வாயும் நாக்கும் தானாக அசைந்தால் சொல்லுங்கள். கர்ப்பம் என்றாலும் உடனே சொல்லுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். சந்தேகத்துக்கு அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ், 14416, இரவிலும் பேசலாம். வணக்கம்.