யமாடா குடும்பத்துக்காக ஒரு வாதம்

நடுவர் அவர்களே, எதிரணியினரே, அவையோரே, அனைவருக்கும் வணக்கம். ஜப்பானிய அசைவூட்டப் பட இயக்குநர் ஐசாவோ தகஹாத்தா, யமாடா என்ற குடும்பத்தைப் பற்றி எடுத்த 'மை நெய்பர்ஸ் த யமாடாஸ்' அவருடைய சறுக்கலா, சாதனையா என்ற தலைப்பில், சாதனையே என்று வாதிட வந்திருக்கிறேன்.

1999இல் வந்த அந்தப் படம் வசூலில் பின்தங்கியது, அதில் கதை இல்லை, ஓவியங்கள் அரைகுறையாக இருக்கின்றன என்று எதிரணித் தலைவர் மூன்று குறைகளைச் சொன்னார். வசூலை நான் மறுக்கவில்லை. 1997இல் இன்னோர் இயக்குநரான மியாசாக்கியின் 'பிரின்சஸ் மொனோனோக்கே' ஜப்பானிய அரங்குகளை நிறைத்திருந்ததால், இரண்டு படங்களையும் தயாரித்த ஜிப்லி நிறுவனத்திடம் மக்கள் இன்னொரு காவியத்தை எதிர்பார்த்தார்கள்; வந்ததோ நாளிதழில் ஹிசாயிச்சி இஷீ வரைந்த நான்கு கட்டச் சித்திரக்கதையின் திரைவடிவம்.

கதை இல்லையாம்! சிங்கப்பூரின் தோ பாயோவில் ஒரு மூவறை வீட்டில் அம்மாச்சி, பெற்றோர், நாங்கள் என மூன்று தலைமுறையாக வளர்ந்தவள் நான். அப்படத்தின் பாட்டி ஷிகே, மருத்துவமனையில் இருக்கும் தோழியைப் பார்க்கப் போகிறார். ஊர்க்கதையெல்லாம் உற்சாகமாகப் பேசிய அந்தத் தோழி, உனக்கு என்ன நோய் என்று ஷிகே கேட்டதும் உடைந்து அழுகிறார். இதற்கு மேல் என்ன கதை வேண்டும்? என் அம்மாச்சியைப் பார்க்க வந்தவர்களும் விலைவாசியில் தொடங்கித்தான் கண்ணீருக்கு வந்து சேர்ந்தார்கள்.

ஓவியங்கள் அரைகுறை என்ற குற்றச்சாட்டுக்குத்தான் நான் விரிவாகப் பதில் சொல்ல வேண்டும். தாளின் வெண்மை தெரியும்படி, வண்ணம் கோட்டைத் தொட்டும் தொடாமலும் நிற்கும் நீர்வண்ணத் தோற்றத்தைத் தகஹாத்தா விரும்பினார். கோட்டுக்குள் சீராக நிறம் நிரப்பும் பழைய செல்லுலாய்டு முறை அதற்கு ஒத்துவராது என்பதால், முழுக்கக் கணினியில் வண்ணம் தீட்டிய ஜிப்லியின் முதல் முழுநீளப் படமாக இது உருவானது. வரையத் தெரியாமல் விட்ட இடம் ஒன்றுகூட அதில் இல்லை என்பதற்குப் படத்துக்குள்ளேயே சான்று இருக்கிறது: தெருவில் மோட்டார் சைக்கிள் கும்பலைத் தட்டிக் கேட்க யமாடா குடும்பத்தின் தந்தை போகும் காட்சியில் மட்டும் உருவங்கள் திடீரென்று நிஜ மனிதர்களின் அளவையும் கனத்தையும் பெறுகின்றன. எளிய கோடுகளில் பழகிய நம் கண்ணுக்கு அப்போதுதான் உண்மையான பயம் வருகிறது. 'கிரேவ் ஆஃப் த ஃபயர்ஃபிளைஸ்' எடுத்தவருக்கு இயல்பான உருவங்களைப் படைக்கத் தெரியாதா என்ன? தேவைப்பட்ட ஒரே இடத்துக்காக அதைச் சேமித்து வைத்திருந்தார்.

இன்னொன்றையும் எதிரணியினர் கவனிக்கவில்லை. படத்தின் தொடக்கத்தில், மணவாழ்க்கையைப் பற்றிய ஒரு நீண்ட கற்பனைக் காட்சியில், அந்தத் தந்தை மூங்கிலை வெட்டி அதற்குள் தம் மகளைக் கண்டெடுக்கிறார். 14 ஆண்டுகள் கழித்து, 2013இல், தகஹாத்தா இயக்கிய கடைசி முழுநீளப் படமும், ஆஸ்கர் பரிந்துரை பெற்றதுமான 'காகுயா இளவரசியின் கதை' மூங்கிலில் கிடைத்த பெண்ணோடுதான் தொடங்குகிறது. ஓடும் கோடும் வெற்றுத் தாளும் அங்கே முழு வலிமையோடு திரும்பி வருகின்றன. அந்தப் படத்தைத் தகஹாத்தாவின் மகுடம் என்று சற்று முன் புகழ்ந்தவர் எதிரணித் தலைவரேதான். இரண்டு மூங்கில் காட்சிகளையும் அடுத்தடுத்துப் பார்த்துவிட்டு நடுவர் அவர்கள் தீர்ப்பு வழங்க வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறேன். நன்றி, வணக்கம்.