முளையிலேயே தெரியும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, கவுன்சிலர் அம்மா அவர்களே, ஆயிரம் வேலைக்கு நடுவில் வந்திருக்கும் மண்டல சுகாதார அலுவலர் அவர்களே, மண்டபத்தை வாடகையில்லாமல் தந்த மீனவர் சங்கத்துப் பெரியவர்களே, மைக் செட் தம்பி உட்பட எல்லோருக்கும் வணக்கம். பொன்னாடைக்கு நன்றி.

குழந்தைகளுக்குப் பிறவியிலேயே வரும் நுரையீரல் குறைபாடுகள் பற்றி மூன்று விஷயம் சொல்ல வந்தேன்: வகைகள், கண்டுபிடிப்பது, சிகிச்சை. விளையும் பயிர் முளையிலேயே தெரியும் என்பார்கள். கருவிலேயே நுரையீரலில் நீர்க்கட்டிகள் உருவாவது ஒரு வகை. நுரையீரலின் ஒரு மடல், அதாவது ஒரு பாகம், மட்டும் வாங்கிய காற்றை வெளியே விடாமல் பலூனாய் உப்பிப் பக்கத்து மடலை நசுக்குவது இன்னொன்று. மூன்றாவதை ஆயா சொல்வார்.

காசிமேட்டில் மீன் விற்கிற ஆயா. பேரனுக்கு அடிக்கடி நிமோனியா. மருந்து கொடுத்தால் அடங்கும், மறுபடி வரும். ஒரு ஆஸ்பத்திரியில் டாக்டர் புதுப் படத்தை மட்டும் பார்க்கிறார். ஆயா பழைய எக்ஸ்ரே கவரைப் பிரித்தார். குப்பென்று மீன் வாடை. டாக்டர் மூக்கைப் பொத்திக்கொண்டார். (சிரிப்பு) ஆயா விடவில்லை. மூன்று படத்தையும் ஜன்னலில் வரிசையாகப் பிடித்தார். "சளின்னா ஒரு தபா இங்க கட்டும், ஒரு தபா அங்க கட்டும். என் பேரனுக்கு மட்டும் ஏன் சாமி எப்பவும் இடது பக்கம் அடியிலயே கட்டுது?" டாக்டர் மூக்கிலிருந்து கையை எடுத்தார். சிடி ஸ்கேனில் பார்த்தால், நுரையீரலின் அந்தத் துண்டு மூச்சுக்குழாயோடு சரியாகச் சேரவே இல்லை. அதற்கு ரத்தம், இதயத்திலிருந்து உடம்புக்கெல்லாம் போகும் பெரிய குழாயான மகாதமனியிலிருந்து நேரே போகிறது! அறுவை செய்து எடுத்தார்கள். இப்போது பையன் ஓடுகிறான், ஆயாவுக்குத்தான் மூச்சு வாங்குகிறது. (கைதட்டல்)

இதில் பெரும்பாலானவை கர்ப்பத்தின் 18 முதல் 20 வார ஸ்கேனிலேயே தெரியக்கூடியவை. கட்டி என்றதும் பதற வேண்டாம். பல கட்டிகள் பிரசவத்துக்கு முன்பே சுருங்கிவிடும். ஆனால் விளையும் பயிரை முளையில் பார்க்க ஆள் போகணுமே? ஆயாவின் மருமகள் போகவில்லை. டோக்கன் கொடுப்பது காலையில். மீன் ஏலமும் காலையில். கூடை தூக்காவிட்டால் அன்றைக்கு அடுப்பு எரியாது. அவளைக் குறை சொல்வேனா?

அதனால்தான் கேட்கிறோம்: வடசென்னையில் வாரம் இரண்டு நாளாவது சாயங்கால ஸ்கேன் வேண்டும். சிகிச்சையைப் பற்றி அடுத்துப் பேசும் டாக்டர் சொல்வார், எனக்குத் துண்டுச்சீட்டு வந்துவிட்டது. மனு அந்த மேசைமேல் இருக்கிறது. அலுவலர் ஐயா கிளம்புவதற்குள் எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள்.