கட்டியங்காரனைக் கேள்வி கேட்க விடுங்கள்

அனைவருக்கும் வணக்கம். செவிலியர் பயிற்சி மாணவிகளும் கூத்து, வில்லுப்பாட்டுக் கலைஞர்களும் ஒரே பந்தலில் உட்கார்ந்திருப்பதைப் பார்க்க எனக்கு அவ்வளவு மகிழ்ச்சி. ஏனென்றால் இந்த இரண்டு தரப்பும் உட்கார்ந்து பேசுவது அபூர்வம். வழக்கமாக நடப்பது என்ன? மேலிடத்திலிருந்து ஒரு நோட்டீஸ் வரும். அதை அப்படியே பாட்டாக்கச் சொல்வார்கள். கலைஞர்களும் கரகாட்ட மெட்டில் 'கையைக் கழுவு, கொசுவை ஒழி' என்று பாடுவார்கள். ஊர் ரசிக்கும், கைதட்டும். மறுநாள் தண்ணீர் டிரம் நேற்று இருந்த மாதிரியே திறந்துதான் கிடக்கும்.

குறை மக்களிடம் இல்லை என்பது என் எண்ணம். நம் கலைகளில் உள்ள மிகப் பெரிய பலத்தை நாம் பயன்படுத்தவே இல்லை. தெருக்கூத்தில் கோமாளியாகவும் கதை சொல்பவனாகவும் வருகிற கட்டியங்காரன் என்ன செய்கிறான்? ராஜாவையே நிறுத்திக் கேள்வி கேட்கிறான். ஜனங்கள் மனதில் என்ன ஓடுகிறதோ அதை வாய்விட்டுச் சொல்கிறான். வில்லுப்பாட்டில் புலவர் ஒரு சேதி சொன்னால், பக்கத்தில் இருப்பவர் 'ஆமா' போடுவார். சும்மா 'ஆமா' மட்டும் போட மாட்டார், நடுவில் புகுந்து சந்தேகமும் கேட்பார். இப்படிக் கேட்பதற்கென்றே ஓர் ஆளை வைத்திருக்கிற கலையைக் கையில் வைத்துக்கொண்டு, அதை ஒலிபெருக்கி மாதிரி உபயோகிக்கிறோம்.

டெங்குவை எடுத்துக்கொள்ளுங்கள். புலவர் வீசுகோலால் வில்லைத் தட்டி, 'தண்ணியைத் தேக்கி வைக்காதீங்க' என்கிறார். பக்கத்தில் இருப்பவர் விடக்கூடாது. "ஆமா, நல்ல சேதிதான். ஆனா எங்க தெருக் குழாயில வாரத்துக்கு ஒருநாள்தான் தண்ணி. இருக்கிறதையும் கொட்டச் சொன்னா குடிக்கிறதுக்கு எங்கே போவோம் அண்ணாச்சி?" என்று கேட்க வேண்டும். அந்தக் கேள்விதான் கூட்டத்தில் இருக்கிற ஒவ்வொரு பெண்ணின் கேள்வியும்.

இப்போது புலவர் பதில் சொல்லியாக வேண்டும். சரியான பதிலும் இருக்கிறது. குடிக்கிற தண்ணீரைக் கொட்ட வேண்டாம். டிரம்மின் வாயைத் துணியால் இறுக்கிக் கட்டி வையுங்கள். தண்ணீர் தீர்ந்ததும், மறுபடி பிடிப்பதற்கு முன்னால் உள்பக்கச் சுவரைத் தேங்காய் நார் போட்டு அழுத்தித் தேயுங்கள். டெங்குவைப் பரப்புகிற ஏடிஸ் கொசு முட்டையிடுவது தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, சுவரை ஒட்டி. தண்ணீர் வற்றினாலும் அந்த முட்டை மாதக்கணக்கில் காய்ந்தபடி உயிரோடிருக்கும், தண்ணீர் பட்டதும் பொரிக்கும். முட்டை கொசுவாக ஏறக்குறைய ஒரு வாரம், பத்து நாள் போதும். அதனால்தான் வாரம் ஒருமுறை தேய்ப்பது. கொல்லையில் மழைநீர் நிரம்பிக் கிடக்கும் பழைய ஆட்டுக்கல், டயர், கொட்டாங்கச்சி எல்லாவற்றையும் அடுத்த பாட்டில் வைக்கலாம். மேடையிலேயே ஒரு குடத்தைக் கவிழ்த்து உட்சுவரைத் தேய்த்துக் காட்டினால் இன்னும் நல்லது.

நாய்க்கடிக்கும் இப்படித்தான். கடித்த இடத்தை ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். 15 நிமிடம் எவ்வளவு நீளம் என்று நோட்டீஸ் படிப்பவருக்குத் தெரியாது. கூத்தில் ஒரு பாத்திரம் காலைக் கழுவ உட்காரட்டும். கட்டியங்காரன் அவனோடு வம்பளக்கட்டும். "போதுமய்யா, மிளகாய்த்தூள் வைச்சுக் கட்டிட்டுப் போயிடலாம்" என்று இழுக்கட்டும். கழுவுகிறவன் அசையக் கூடாது. அப்புறம் நேரே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு, ஊசிக்கு. ஊசி இலவசம், ஆனால் குறித்துக் கொடுத்த தேதி ஒன்றைக்கூட விடக் கூடாது. வெறிநாய்க்கடி நோயின் அறிகுறி தோன்றிவிட்டால் பிழைப்பது கிட்டத்தட்ட நடக்காத காரியம். அதனால் இந்தக் காட்சியைச் சுருக்கவே சுருக்காதீர்கள்.

ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். நம்பிக்கையைக் கிண்டல் செய்து சுகாதாரம் பேசாதீர்கள். முத்தாரம்மன் கோயில் கொடை விழாவில் வில்லடிக்கிற கலைஞர், அம்மை கண்ட வீட்டில் வேப்பிலை செருகுவதைக் கேலி செய்தால் அந்த ஊரில் அவருக்கு அடுத்த கொடை கிடையாது. கேட்கிற மனமும் மூடிவிடும். வேப்பிலை வாசலில் இருக்கட்டும், பிள்ளை பள்ளிக்கூடம் போகாமல் வீட்டில் ஓய்வெடுக்கட்டும், செவிலியர் வந்து பார்க்கட்டும். மூன்றும் சேர்ந்தே நடக்கலாம்.

சரி, கூத்து முடிந்தது. அப்புறம்? 1991இல் புதுக்கோட்டையில் எழுதப் படிக்கக் கற்றுக்கொடுக்கும் அறிவொளி இயக்கம் நடந்தபோது கலைக்குழுக்கள் ஊர் ஊராய்ப் பாடின, நாடகம் போட்டன. அதோடு நின்றிருந்தால் இன்றைக்கு யாரும் அதை நினைத்துப் பார்க்க மாட்டார்கள். கலைக்குழு போன ஊரில் தொண்டர்கள் மாலை நேர வகுப்பு நடத்தினார்கள். ஆயிரக்கணக்கான பெண்கள் படித்தார்கள், சைக்கிள் ஓட்டவும் கற்றார்கள். கலை கதவைத் திறந்தது, உள்ளே போய் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கவும் ஆள் இருந்தது.

வங்கதேசத்தில் பிராக் என்ற அமைப்பு இதைவிடக் கறாராக நடந்துகொண்டது. 1980 முதல் 1990 வரை அதன் பெண் பணியாளர்கள் வீடு வீடாகப் போய், வயிற்றுப்போக்கு கண்ட குழந்தைக்கு உப்புக் கரைசல் தயாரிக்கத் தாய்மார்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். மூன்று விரலால் அள்ளிய உப்பு, ஒரு பிடி வெல்லம், அரை சேர், அதாவது ஏறக்குறைய அரை லிட்டர் தண்ணீர். தாயே தன் கையால் கலக்க வேண்டும். சில வாரம் கழித்து வேறொருவர் போய், அந்தத் தாய்க்கு எவ்வளவு நினைவிருக்கிறது, சரியாகக் கலக்கிறாரா என்று பார்ப்பார். அதைப் பொறுத்துத்தான் கற்றுக்கொடுத்தவருக்குக் கூலி. நாமோ எத்தனை நிகழ்ச்சி நடத்தினோம் என்று எண்ணுகிறோம். எத்தனை டிரம் மூடியிருக்கிறது என்று எண்ணத் தொடங்கினால் நம் பாட்டும் மாறும்.

அதனால் மாணவிகளுக்கு ஒரு வேண்டுகோள். கூத்து நடக்கும்போது முன்வரிசையில் உட்காராதீர்கள். பெண்களோடு பெண்களாக உட்கார்ந்து, என்ன முணுமுணுக்கிறார்கள் என்று கேளுங்கள். மறுநாள் வீடுகளுக்குப் போகும்போது அந்த முணுமுணுப்புக்குப் பதில் உங்களிடம் இருக்க வேண்டும். பதில் தெரியாத கேள்வியை மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.

இங்கே வந்திருக்கும் அதிகாரிகளிடமும் ஒரு காரியம் கேட்கிறேன். கூத்துக் கலைஞர்களுக்குப் பங்குனியிலிருந்து ஆவணி வரைதான் பெரும்பாலும் ஆட்டம். மழைக்காலத்தில் ஆட்டமில்லை, கூலி வேலைக்குப் போகிறார்கள். டெங்கு தலைதூக்குவதும் அதே மழைக்காலத்தில்தான். ஐப்பசியில் அவசரமாகக் கூப்பிட்டு, கையில் தாளைத் திணித்து ஆடச் சொல்லாதீர்கள். ஆவணி முடிந்ததும் கூப்பிடுங்கள். கலைஞர், செவிலியர், மருத்துவர் எல்லோரும் இரண்டு மூன்று நாள் சேர்ந்து உட்கார்ந்து கதையைக் கட்டட்டும். அந்த நாட்களுக்கும் கூலி கொடுங்கள். ஆட்டத்துக்கான பணத்தை ஆட்டம் முடிந்த அன்றே கையில் கொடுங்கள். மழை பிடிப்பதற்குள் பள்ளிக்கூட வராந்தாவிலும் சமுதாயக் கூடத்திலும் ஆடத் தொடங்கிவிடலாம். வணக்கம்.