1931 கணக்கெடுப்பில் என் பாட்டனார் பெயரைப் பார்க்க முடியுமா? – சந்தேகங்களுக்கு விளக்கம்

வணக்கம். இந்த வாரம் ஒரே ஒரு கேள்விதான். கொஞ்சம் நீளமாகப் பேச வேண்டியிருக்கிறது, அதனால் மற்றவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். நன்னிலம் தாலுகாவைச் சேர்ந்த தம்பி ஒருவர் அமெரிக்காவிலிருந்து எழுதியிருக்கிறார். படிக்கிறேன்.

"ஐயா, வணக்கம். என்னோடு வேலை பார்க்கும் ஓர் அமெரிக்கர், 1950ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தன் தாத்தாவின் பெயர், வயது, தொழில், குடியிருந்த தெரு எல்லாம் கையால் எழுதிய பக்கத்தை இணையத்தில் எடுத்துக் காட்டினார். என் தாத்தா 1920களில் பிறந்தவர். பண்ணையில் வேலை செய்த குடும்பம், சொந்த நிலம் கிடையாது. தாத்தாவின் அப்பா பெயர்கூட எங்களுக்குச் சரியாகத் தெரியவில்லை. பாட்டிக்குத் திருநள்ளாறு பக்கம். 1931 கணக்கெடுப்பில் தாத்தாவின் குடும்பம் இருக்கும் பக்கத்தைப் பார்க்க யாரிடம் மனு கொடுக்க வேண்டும்?"

தம்பி, யாரிடமும் கொடுக்க வேண்டாம். அந்தப் பக்கம் இல்லை. பூட்டி வைத்திருக்கிறார்கள் என்று நினைத்துவிடாதீர்கள், காகிதமே இல்லை.

உங்கள் நண்பர் காட்டியது உண்மைதான். அமெரிக்காவில் 72 ஆண்டு கழிந்தால் கணக்கெடுப்புத் தாள்களைப் பொதுமக்களுக்குத் திறந்துவிடுவார்கள். 1950ஆம் ஆண்டுத் தாள்கள் 2022 ஏப்ரல் முதல் தேதி வெளிவந்தன. இங்கிலாந்தில் 100 ஆண்டு. 1921ஆம் ஆண்டுக் கணக்கை 2022 ஜனவரியில் திறந்தார்கள். அயர்லாந்தில் 1901, 1911 இரண்டையும் காசில்லாமலே பார்க்கலாம். அங்கேயும் எல்லாம் பத்திரமாக இருந்தது என்று சொல்ல முடியாது. இங்கிலாந்தின் 1931 கணக்கு 1942இல் ஒரு தீ விபத்தில் போய்விட்டது. ஆனாலும் குடும்பத் தாளைக் காப்பாற்றி வைக்க வேண்டும் என்ற எண்ணமாவது அவர்களுக்கு இருந்தது.

இங்கே கதை வேறு. அதே ஆங்கிலேயர்தான் இங்கேயும் எண்ணினார்கள். 1871இல் தொடங்கி, 1881லிருந்து நாடு முழுவதும் ஒரே நேரத்தில், பத்து ஆண்டுக்கு ஒருமுறை. அவர்களுக்கு வேண்டியிருந்தது எண்ணிக்கை மட்டும். வீடு வீடாக எழுதி வந்த விவரத்தை ஆளுக்கு ஒரு சிறு சீட்டில் பெயர்த்து எழுதினார்கள். அந்தச் சீட்டுகளை மதவாரியாக, சாதிவாரியாக, வயதுவாரியாகப் பிரித்து, தபால் நிலையத்தில் கடிதம் பிரிப்பதுபோல் அறை அறையாகப் போட்டு எண்ணினார்கள். எண்ணி முடித்து அட்டவணை அச்சானதும் சீட்டுக்கு வேலை முடிந்தது, கழிவுக் காகிதமாகப் போய்விட்டது. மிஞ்சியவை அறிக்கையும் அட்டவணையும். அவை இன்றும் இணையத்தில் கிடைக்கின்றன. தஞ்சாவூர் ஜில்லாவில் இந்தச் சாதியில் ஆண் இத்தனை, பெண் இத்தனை என்று இருக்கும். உங்கள் தாத்தா அதில் இருக்கிறார், அந்தக் கூட்டுத்தொகையில் ஒன்றாக.

1931 என்றாலே பலருக்கு ஒரு மயக்கம் உண்டு. எல்லாச் சாதிகளையும் எண்ணி வெளியிட்ட கடைசிக் கணக்கு அது என்பதால், பெயரோடு ஒரு பெரிய புத்தகம் எங்கோ இருக்கிறது என்று நம்புகிறார்கள். நான் மூன்று பேரிடமாவது இதற்காகச் சண்டை போட்டிருக்கிறேன்.

சரி, சுதந்திரத்துக்குப் பிறகு எடுத்தவை? அங்கே சட்டம் குறுக்கே நிற்கிறது. 1948ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்புச் சட்டம், 15ஆம் பிரிவு. கணக்கெடுப்பாளர் எழுதிய எந்தப் பதிவேட்டையும் பார்வையிட யாருக்கும் உரிமை கிடையாது. சிவில் வழக்கில் சாட்சியமாகவும் கொண்டுவர முடியாது. இத்தனை ஆண்டுக்குப் பிறகு திறக்கலாம் என்ற பேச்சே அதில் இல்லை. 72 ஆண்டும் இல்லை, 100 ஆண்டும் இல்லை.

அந்த ரகசியத்தை நான் குறை சொல்ல மாட்டேன். காரணம், நானே 1991இல் கணக்கெடுத்தவன். அப்போது பள்ளிக்கூட வாத்தியார். பிப்ரவரி மாதத்தில் தோளில் பையோடு தெருத் தெருவாக அலைந்தேன். வீட்டுக்கு ஓர் அட்டவணை, ஆளுக்கு ஒரு சீட்டு. தெருக்கோடியில் ஒரு கூரை வீடு, திண்ணையில் ஓர் அம்மாள் புளி ஆய்ந்துகொண்டிருந்தார். "உங்கள் வீட்டுக்காரர் பெயர் என்னம்மா?" என்றேன். சிரித்தார். சொல்லவில்லை. "பழனியில் இருக்கிறாரே, அவர் பெயர்தான்" என்றார். நான் முருகன் என்று எழுதப் போனேன். "அது இல்லை, கையில் என்ன வைத்திருக்கிறார்?" என்றார். வேலன், வேலாயுதம், தண்டபாணி என்று நான் ஒவ்வொன்றாகச் சொல்ல, தண்டபாணி வந்ததும் தலையை ஆட்டிவிட்டு முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். வயது கேட்டேன். "52 புயலில் எங்கள் வீடு விழுந்தபோது என் மூத்தவன் இடுப்பில் இருந்தான், நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்" என்றார். அவருடைய அம்மாவாக இருந்திருந்தால் 24ஆம் வருஷத்து வெள்ளத்தைச் சொல்லியிருப்பார். டெல்டாவில் வயதுக்குக் கணக்கு வெள்ளமும் புயலும்தான். இப்படி நம்பிச் சொன்னதை மறுநாள் இன்னொருவன் எடுத்துப் படிக்கலாம் என்றால் யார் வாயைத் திறப்பார்கள்? ஆனால் அந்த அம்மாளும் போய், அவர் பிள்ளைகளும் போன பிறகும் ரகசியம் யாருக்காக? நூறு ஆண்டுக்குப் பிறகு திறக்கலாம் என்று ஒரு வரி சேர்த்தால் போதும். 2027 கணக்கெடுப்பைக் கைபேசிச் செயலியில் எடுக்கப் போகிறார்கள். காகிதத்தைக் கறையான் தின்றது என்று இனி சொல்ல முடியாது. அந்த வரியைச் சேர்க்க வேண்டிய நேரம் இதுதான் என்பது என் கட்சி.

இனி உங்கள் தாத்தாவுக்கு வருவோம். குடும்ப வரலாறு தேடுகிறேன் என்று வருகிற எல்லோருக்கும் வழக்கமாக ஒரு பதில் உண்டு: பத்திரத்தைப் பாருங்கள் என்பது. நல்ல பதில்தான். 1860களிலிருந்து பத்திரப் பதிவு நடக்கிறது. "தஞ்சாவூர் ஜில்லா, நன்னிலம் தாலுகா, இன்ன கிராமத்தில் இருக்கும் இன்னார் குமாரர் இன்னார்" என்று எழுதுவார்களே, அந்த ஒரு வரியில் இரண்டு தலைமுறை கிடைத்துவிடும். பாகப்பிரிவினைப் பத்திரம் கிடைத்தால் குடும்பம் மொத்தமும் வந்து உட்கார்ந்துவிடும். ஆனால் இவையெல்லாம் மிராசுதாரருக்கு. நிலம் இருந்தவருக்குப் பத்திரத்தில் ஏழு தலைமுறை, நிலத்தில் இறங்கி நாற்று நட்டவருக்கு ஒரு வரியும் கிடையாது. நிலம் இல்லாதவரையும் பெண்ணையும் ஒரே மாதிரி ஓர் ஆளாக எண்ணிய காகிதம் கணக்கெடுப்புச் சீட்டு ஒன்றுதான். போனதும் அதுதான். எனக்கு ஆறாத வருத்தம் இது.

ஆனாலும் உங்களுக்கு வழி இருக்கிறது. முதலில் 1971ஆம் ஆண்டின் குடியிருப்புச் சட்டம். பண்ணையார் நிலத்தில் குடிசை போட்டு இருந்த விவசாயத் தொழிலாளிக்கு அந்த மனைக்கட்டைச் சொந்தமாக்கிய சட்டம் அது. உங்கள் வீட்டு மனை அப்படி வந்ததாக இருக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. அந்தப் பட்டாவில் தாத்தாவின் பெயருக்கு முன்னால் தகப்பனார் பெயர் இருக்கும். வீட்டு டிரங்குப் பெட்டியில் தேடுங்கள், பிறகு தாலுகா அலுவலகம் போங்கள். உங்கள் தாலுகா 1991 வரை தஞ்சாவூர் மாவட்டத்தில் இருந்தது. பிறகு நாகப்பட்டினம், 1997லிருந்து திருவாரூர். பழைய கட்டு எந்த ஊரில் தங்கிவிட்டது என்று விசாரித்துக்கொண்டு போனால் இரண்டு பஸ் டிக்கெட் மிச்சம். நான் ஒருமுறை ஓர் அலுவலகத்தில் நான்கு மணி நேரம் காத்திருந்தேன். கடைசியில் வெளியே வந்த கட்டு அப்பளம் மாதிரி நொறுங்கியது.

அடுத்தது பிறப்பு இறப்புப் பதிவேடு. கிராம முன்சீப் எழுதி வைத்தது. பழைய பதிவேடுகள் பல சார்பதிவாளர் அலுவலகத்துக்கோ தாலுகாவுக்கோ போய்ச் சேர்ந்திருக்கும். இதில் எல்லோரும் செய்கிற தவறு ஒன்று உண்டு, தாத்தா பெயரைப் போட்டுத் தேடுவது. பிறந்த குழந்தைக்கு அன்று பெயர் ஏது? "ஆண் குழந்தை" என்றுதான் இருக்கும். தகப்பன் பெயரை வைத்துத்தான் பிடிக்க வேண்டும். உங்களுக்கோ அந்தப் பெயரே தெரியவில்லை. அதனால் தலைகீழாக வாருங்கள், தாத்தாவின் இறப்புப் பதிவிலிருந்து தொடங்குங்கள். அதில் தகப்பன் பெயர் இருக்கும்.

இன்னொரு குறிப்பு. நம் ஊரில் தாத்தா பெயரைத்தான் பேரனுக்கு வைப்பது வழக்கம். பெயரன்தான் பேரன் ஆனது. உங்கள் அப்பாவுக்கோ, மூத்த பெரியப்பாவுக்கோ என்ன பெயர் என்று பாருங்கள். வீட்டில் கூப்பிடுகிற பெயர் வேண்டாம், பள்ளிக்கூடத்தில் கொடுத்த பெயர். தேடுகிற பெயர் அதுவாகவே இருக்கலாம். மாமனார் பெயரைச் சொல்லக் கூடாது என்று மருமகள் அந்தப் பிள்ளையை "பெரியதம்பி" என்றே கூப்பிட்டிருப்பார், அதனால் உண்மைப் பெயர் குடும்பத்துக்கே மறந்திருக்கும்.

பள்ளிக்கூடத்துச் சேர்க்கைப் பதிவேட்டையும் பாருங்கள். பிறந்த தேதியை மட்டும் நம்பாதீர்கள். ஐந்து வயது நிரம்பக் கணக்குப் பார்த்து வாத்தியார் போட்ட தேதி அது. எங்கள் ஊரில் பாதிப்பேர் ஜூன் மாதத்தில் பிறந்தவர்கள். அதில் எனக்கும் பங்கு உண்டு.

குடும்பத்தில் கப்பலேறிப் போனவர் யாராவது உண்டா? வயதானவர்களிடம் கேளுங்கள். 1860 முதல் 1911 வரை சென்னையிலிருந்து நேட்டாலுக்கு, அதாவது தென்னாப்பிரிக்காவுக்கு, ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களின் கப்பல் பட்டியல்கள் இருக்கின்றன. பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உயரம், உடம்பில் இருந்த தழும்பு வரை எழுதியிருக்கிறார்கள். ஊரில் இருந்தவரை ஒருவரும் எழுதவில்லை, கரும்புத் தோட்டத்துக்குப் பிடித்துக்கொண்டு போனபோது தழும்பைக்கூட விடவில்லை. பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக உங்கள் பாட்டி. கேள்வியில் போகிற போக்கில் "திருநள்ளாறு பக்கம்" என்று எழுதிவிட்டீர்கள். எனக்கு நிமிர்ந்து உட்காரத் தோன்றிய இடம் அதுதான். திருநள்ளாறு காரைக்காலைச் சேர்ந்தது. 1739லிருந்து 1954 வரை பிரெஞ்சுக்காரர் ஆண்ட மண். நன்னிலத்திலிருந்து பேரளம் வழியாகப் போனால் கொஞ்ச தூரம், ஆனால் காகிதத்தில் அது வேறு உலகம். பிரெஞ்சு நிர்வாகம் பிறப்பு, திருமணம், இறப்பு மூன்றுக்கும் பதிவேடு வைத்தது. பழைய காரைக்கால் பதிவேடுகள் பிரான்சில் ஏக்ஸ்-ஆன்-ப்ரோவான்ஸ் நகரத்தில் உள்ள ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. அவற்றைப் படம் பிடித்து இணையத்திலும் போட்டிருக்கிறார்கள், காசு கிடையாது. எல்லாக் குடும்பமும் அதில் இருக்கும் என்று ஆசைப்பட்டுவிடாதீர்கள். ஆனால் இருந்தால், குழந்தையைப் பெற்றவள் பெயரும் சேர்ந்தே இருக்கும்.

தேடும்போது ஊர்ப் பெயர் கண்ணைக் கட்டும். எல்லாம் பிரெஞ்சு உச்சரிப்புக்குத் தகுந்த எழுத்து. திருமலைராயன்பட்டினத்துக்கு அவர்கள் வைத்த பெயர் "கிராந்த் ஆல்தே", பெரிய கிராமம் என்று பொருள். தெரியாதவர் அதைத் திருமலைராயன்பட்டினம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கையெழுத்தும் சுழித்துச் சுழித்து இருக்கும், இரண்டு மூன்று நாள் கண் பழக வேண்டும். இணையத்தில் இருப்பவை பழைய ஆண்டுகள். பாட்டி 1930ஐ ஒட்டிப் பிறந்தவராக இருந்தால் அவர் பதிவு அங்கே அகப்படாது, அவருடைய அப்பா அம்மா அகப்படலாம். பாட்டியின் பிறப்புக்குத் திருநள்ளாறு கொம்யூன் பஞ்சாயத்தில் நேரில் கேளுங்கள்.

ஆக, தாத்தாவைவிடப் பாட்டி வழியில் நீங்கள் ஒரு தலைமுறை கூடுதலாகப் பின்னால் போக வாய்ப்பிருக்கிறது. உங்கள் முழுக் கடிதமும் என்னிடம் இருக்கிறது. அதில் தாத்தா பெயரை நான்கு இடத்தில் எழுதியிருக்கிறீர்கள், பாட்டி பெயரை ஓர் இடத்திலும் எழுதவில்லை. அந்தப் பெயரையும், அவர் பிறந்த தெருவோ கோயிலோ ஏதாவது ஓர் அடையாளத்தையும் கேட்டு எழுதி அனுப்புங்கள். பதிவேட்டில் எந்தப் பக்கத்திலிருந்து தொடங்கலாம் என்று சேர்ந்து பார்ப்போம்.