ஒரே இனம், மூணு வேஷம்: கறிவேப்பிலை அழகியை வளர்த்துப் படிக்கிறது எப்படி

வணக்கம் மக்களே. மேசை மேல மூணு பட்டாம்பூச்சி வெச்சிருக்கேன். மூணும் தானா செத்துக் கிடந்தது, மூணும் பொண்ணு, மூணும் ஒரே இனம். கேமராவைக் கிட்ட கொண்டு வர்றேன், பாருங்க. இடது பக்கம் இருக்கறது கறுப்பு. பின் இறக்கையில குறுக்கால ஒரு வரிசை வெள்ளைப் புள்ளி. ஆணும் அச்சு அசலா இப்படித்தான் இருக்கும். நடுவுல இருக்கறதுக்கு பின் இறக்கை மத்தியில வெள்ளைத் திட்டு, ஓரத்துல சிவப்புப் பிறைகள். வலது பக்கத்துக்கு முன் இறக்கையில மங்கலான வெள்ளைப் பட்டை, பின் இறக்கையில சிவப்புப் புள்ளிகள். காமன் மார்மன், தமிழ்ல கறிவேப்பிலை அழகி, அறிவியல் பேர் பாப்பிலியோ பாலிடெஸ். இந்த மூணு வடிவத்துக்கும் வரிசையா சைரஸ், ஸ்டிக்கியஸ், ரோமுலஸ்னு பேர்.

ஸ்டிக்கியஸ் காப்பியடிக்கறது ரோஜா அழகியை, ரோமுலஸ் காப்பியடிக்கறது சிவப்புடல் அழகியை. அந்த ரெண்டும் புழுவா இருக்கும்போது ஆடுதீண்டாப்பாளை, ஈஸ்வரமூலி மாதிரி செடிகளைத் தின்னு விஷத்தை உடம்புல சேத்து வெச்சிருக்கும். பறவை ஒரு தடவை வாயில வெச்சா மறுபடி தொடாது. நம்ம ஆளுக்கு விஷம் கிடையாது, வேஷம் மட்டும்தான். வெளியில பாக்கும்போது குழம்பிட்டீங்கன்னா இறக்கையை விட்டுட்டு உடம்பைப் பாருங்க. நிஜமான விஷக்காரிக்கு தலையும் வயிறும் சிவப்பா இருக்கும், வேஷக்காரிக்கு கறுப்பு. அதனால போட்டோ எடுக்கறவங்க மேல இருந்து மட்டும் எடுக்காதீங்க, பக்கவாட்டுல வயிறு தெரியற மாதிரி ஒண்ணு கட்டாயம் எடுங்க. பறக்கறதுலயும் வித்தியாசம் உண்டு. ரோஜா அழகி அவசரமே இல்லாம மெதுவா மிதந்து போகும். வேஷக்காரியும் அப்படித்தான் நடிக்கும், ஆனா கையை வீசிப் பாருங்க, சட்டுனு வேகம் பிடிச்சு வளைஞ்சு வளைஞ்சு ஓடிடும்.

சரி, விஷயத்துக்கு வரேன். நிறைய பேர் இறக்கை போட்டோவா சேத்து வெச்சுக்கிட்டு "எங்க ஊர்ல மூணு வடிவமும் இருக்கு"ன்னு சொல்றாங்க. இருக்கும், சந்தேகமில்ல. ஆனா அதுல இருந்து மரபைப் பத்தி ஒண்ணும் தெரியாது. தாய் எந்த வடிவம்னு தெரிஞ்சு, அவ போட்ட முட்டையை மட்டும் தனியா வளர்த்து, பொண்ணுங்க எந்த வடிவத்துல வெளிய வருதுன்னு எண்ணினாத்தான் தெரியும். 1758-ல, உயிரினங்களுக்கு அறிவியல் பேர் வெச்ச லின்னேயஸ் ஆணுக்கு பம்மோன்னு ஒரு பேர், வேஷம் போட்ட பொண்ணுக்கு பாலிடெஸ்னு இன்னொரு பேர் வெச்சு ரெண்டு இனமாவே எழுதிட்டார். இதெல்லாம் ஒரே இனத்தோட பொண்ணுங்கன்னு 1865-ல இயற்கை ஆய்வாளர் வாலஸ் எழுதினார். அது மரபுல எப்படி இறங்குதுன்னு பெட்டியில வம்சம் வம்சமா வளர்த்துப் பாத்தது ஃப்ரையர்ங்கற ஆய்வாளர், அதுவும் இலங்கையில; கட்டுரை 1913-ல வந்தது. 2014-ல டபுள்செக்ஸ்ங்கற ஒரே மரபணுதான் இந்த வேஷத்துக்கு சுவிட்சுன்னு வெளியிட்டாங்க. ஆணா பொண்ணான்னு உடம்பை வடிவமைக்கற மரபணு அது.

கணக்கு இவ்வளவுதான். வேஷம் போடற மரபணு ஓங்கு, அதாவது ஒண்ணு இருந்தாலே பொண்ணோட இறக்கையில தெரியும்; சைரஸ் ஒடுங்கு, ரெண்டும் இருந்தாத்தான் தெரியும். ஆண்கிட்டயும் அந்த மரபணு இருக்கும், ஆனா இறக்கையில காட்டாது. அப்ப சைரஸ் தாய்ன்னா அவகிட்ட ரெண்டும் ஒடுங்கினதுதான், சந்தேகமே வேண்டாம். அவளோட பொண்ணுங்க எல்லாம் சைரஸா வந்தா அப்பாவும் அதே. பாதிக்குப் பாதி வந்தா அப்பாகிட்ட வேஷ மரபணு ஒண்ணு இருக்கு. எல்லாம் வேஷத்தோட வந்தா அப்பாகிட்ட ரெண்டு இருக்கு. ஒரு ஆணோட மரபணுவைப் பொண்ணுங்களை வெச்சே படிச்சிடலாம். அதனாலதான் முதல் தடவை செய்யறவங்க சைரஸ் தாயில இருந்து ஆரம்பிங்கன்னு சொல்றேன். வேஷம் போட்ட தாய்ன்னா அவ ஒண்ணு வெச்சிருக்காளா, ரெண்டான்னு தெரியாது, பதில்ல ரெண்டு சந்தேகம் சேந்து நிக்கும்.

எத்தனை வேணும்? தாய், தகப்பன் ரெண்டு பேர்கிட்டயும் ஒவ்வொண்ணு இருந்தா பொண்ணுங்கள்ல வேஷக்காரி மூணுக்கு சைரஸ் ஒண்ணுங்கற விகிதம் வரணும். வெறும் 5 பொண்ணு பாத்தீங்கன்னா, சைரஸ் ஒண்ணுகூட கண்ணுல படாம போக 24 சதவீதம் வாய்ப்பு இருக்கு. 10 பொண்ணு பாத்தா அது 6 சதவீதத்துக்குக் கீழ போகும், 16 பாத்தா 1 சதவீதம். 16 பொண்ணு வேணும்னா ஆணும் சேத்து 32 பூச்சி. வழியில சாகறதையும் சேத்துக்கிட்டா 50 முட்டையில ஆரம்பிக்கணும்.

முட்டைக்கு எங்க போறது? தோட்டத்துல பிடிக்கற பொண்ணு பெரும்பாலும் ஏற்கனவே இணை சேந்ததுதான். 60 சென்டிமீட்டர் அகலம், 90 உயரத்துல ஒரு வலைக் கூண்டு போதும். உள்ள தொட்டியில தளிர் விட்ட கறிவேப்பிலையோ எலுமிச்சையோ வைங்க. காலையில ரெண்டு மூணு மணி நேரம் வெயில் படணும், வெயில் இல்லாம முட்டை போடாது. பாதி கூண்டு நிழல்ல இருக்கணும், இல்லன்னா சூட்டுல வலையிலயே மோதி மோதி இறக்கை கிழிஞ்சிடும். சாப்பாடு, தண்ணி 9 பங்கு, சர்க்கரை 1 பங்கு. தானா குடிக்காது. இறக்கை நாலையும் சேத்து மடிச்சுப் பிடிச்சுக்கிட்டு, குண்டூசி முனையால சுருண்ட உறிஞ்சுகுழலை மெதுவா நீட்டி, நனைஞ்ச பஞ்சு மேல வைங்க. கால் பஞ்சுல பட்டதும் குடிக்க ஆரம்பிக்கும். ஒரு நாளைக்கு ரெண்டு தடவை.

முட்டை வெளிர் மஞ்சள், உருண்டை, வழவழப்பு. இலையோட பிய்ச்சு டப்பாவுல போடுங்க, விரலால சுரண்டாதீங்க. சுமார் மூணு நாள்ல பொரியும். பொரியறதுக்கு முன்னாடி உள்ள புழு தெரியற மாதிரி திட்டுத் திட்டா இருட்டும், அது நல்லது. முட்டை முழுக்க ஒரே கறுப்பா மாறி நாள் கடந்தும் பொரியலன்னா உள்ள முட்டை ஒட்டுண்ணிக் குளவி இருக்கு. வெளியில கிடந்த முட்டையை எடுத்து வந்தா இது சகஜம். அதுபோக அந்த முட்டைக்குத் தாய் யாருன்னும் தெரியாது, அதனால நம்ம வேலைக்கு அது உதவாது.

புழுவை சின்ன பிரஷ்ஷால மட்டும் நகத்துங்க. ஒவ்வொரு தடவை தோல் உரிச்சதும் புழுவுக்கு ஒரு புதுப் பருவம்; முதல் நாலு பருவம் பறவை எச்சம் மாதிரி, அஞ்சாவது பருவம் பச்சை. ஒரு டப்பாவுக்கு அஞ்சு, கடைசிப் பருவத்துல ரெண்டு. நிறைய பேர் இங்கதான் கோட்டை விடறாங்க, காரணம் இலை. கடையில வாங்கின கறிவேப்பிலையைப் போடாதீங்க. பூச்சி மருந்து மிச்சம் இருக்கும், கழுவினாலும் முழுசா போகாது. புழு பச்சையா கக்கி, உடம்பு முறுக்கி, அன்னைக்கே செத்துடும். நர்சரியில வாங்கின தொட்டிச் செடியும் அப்படித்தான், வேர் வழியா மருந்து ஏறியிருக்கலாம். முதல்ல ரெண்டு புழுவை மட்டும் விட்டு ரெண்டு நாள் பாருங்க. கொம்பைத் தண்ணி பாட்டில்ல சொருகினா பாட்டில் வாயைப் பஞ்சால அடைங்க, இல்லன்னா புழு இறங்கிப் போய் முங்கிடும். எச்சத்தைத் தினம் தட்டுங்க. டப்பா சுவர்ல நீர் கோத்துச்சுன்னா மூடியை வலைத்துணியா மாத்துங்க. ஈரம் தங்கி புழு தளர்ந்து, கறுத்து, தலைகீழா தொங்கினா நோய் வந்தாச்சு. அந்த டப்பாவையே தூக்கிப் போடுங்க, மத்ததைத் தொடறதுக்கு முன்னாடி கையை சோப்புப் போட்டுக் கழுவுங்க.

கூட்டுப்புழு ஆகறதுக்கு முன்னாடி ஈரமா ஒரு எச்சம் போட்டுட்டு அலைய ஆரம்பிக்கும். அப்ப என்ன கொடுக்கறீங்கங்கறதுல இன்னொரு மாறுபாடு ஒளிஞ்சிருக்கு. பச்சை இலைக்கு நடுவுல, மெல்லிசான பச்சைத் தண்டுல உக்காந்ததுல பெரும்பாலும் பச்சைக் கூடு. காஞ்ச குச்சி, சுவர், டப்பா மூடின்னா பழுப்பு. இது மரபணு வித்தியாசம் இல்ல, உக்கார்ற இடம் முடிவு பண்றது. ஒரே தாயோட புழுக்களைப் பாதி பாதியா பிரிச்சு, ஒரு கூண்டுல இலைக்கொம்பு, இன்னொண்ணுல காஞ்ச குச்சி வெச்சு எண்ணிப் பாருங்க. இறக்கை வேஷத்தையும் கூட்டு நிறத்தையும் ஒரே அட்டவணையில தனித்தனி பத்தியா எழுதுங்க, ரெண்டையும் முடிச்சுப் போடாதீங்க.

கூட்டைத் தோலு கெட்டியாகற வரைக்கும் திறந்து வெக்காதீங்க. புதுக்கூடு மெத்துனு இருக்கும்போதுதான் குட்டிக் குளவி வந்து முட்டை போடும். அப்புறம் பட்டாம்பூச்சிக்குப் பதிலா பொடி ஓட்டை வழியா குளவிக் கூட்டமே வெளிய வரும். பத்து மடங்கு லென்ஸ் இருந்தா கூட்டுலயே ஆணா பொண்ணான்னு சொல்லிடலாம். வயித்துப் பக்கம் கடைசிக் கணுக்களைப் பாருங்க. ஒன்பதாவது கணுவுல ரெண்டு சின்ன மேடும் நடுவுல ஒரு கோடும் இருந்தா ஆண். கோடு மேல எட்டாவது கணுவுலயே இருந்தா பொண்ணு. பழக ஒரு பத்து கூடாவது பாக்கணும்.

சுமார் 10, 12 நாள்ல கூடு இருட்டி இறக்கை நிறம் தெரியும், மறுநாள் காலையில வெளிய வந்துடும். ஏறிப் பிடிக்க சொரசொரப்பா ஒரு சுவரும், இறக்கை முழுசா தொங்க இடமும் வேணும். வழுக்கற பிளாஸ்டிக் டப்பாவுல கீழ விழுந்தா இறக்கை சுருங்கினபடியே காஞ்சிடும், அளக்க முடியாது. ரெண்டு மணி நேரம் கழிச்சு, மெல்லிய பெர்மனன்ட் மார்க்கரால பின் இறக்கை அடியில எண் போடுங்க. முன் இறக்கையை அடியில இருந்து நுனி வரைக்கும் வெர்னியர் காலிப்பர்ல அளந்து, ஸ்கேலும் நிறம் ஒப்பிட சாம்பல் அட்டையும் பக்கத்துல வெச்சு நிழல்ல போட்டோ எடுங்க. வெயில்ல எடுத்தா சிவப்பு எல்லாம் ஒரே மாதிரி வெளுத்துப் போகும். ஸ்டிக்கியஸ்ல வெள்ளைத் திட்டு எவ்வளவு பெருசுன்னு பூச்சிக்குப் பூச்சி மாறும், அதைத் தனியா எழுதுங்க.

அடுத்த தலைமுறை வேணும்னா கூண்டுல விட்டுக் காத்திருக்க வேண்டாம், கையாலயே இணை சேக்கலாம். கிளார்க், ஷெப்பர்ட்ங்கற பட்டாம்பூச்சி மரபு ஆய்வாளர்கள் ரெண்டு பேரும் 1950-கள்லயே செஞ்ச முறை இது. பொண்ணு புதுசா இருக்கணும், ஆண் ரெண்டு மூணு நாள் சாப்பிட்டதா இருக்கணும். ரெண்டையும் இறக்கையைப் பிடிச்சுக்கிட்டு, ஆணோட வயித்து நுனியை லேசா அழுத்தினா பக்கத் தகடு ரெண்டும் விரியும். அதுக்குள்ள பொண்ணோட நுனியைக் கொண்டு போங்க. பிடிச்சுக்கிச்சுன்னா பொண்ணை வலையில ஏத்தி விடுங்க, ஆண் தானா தொங்கும். சுமார் ஒரு மணி நேரம் அசைக்காதீங்க. இழுத்துப் பிரிச்சீங்கன்னா ரெண்டுக்கும் அடிபடும். இப்படிச் செஞ்சாத்தான் அப்பா யாருன்னு உறுதியா எழுத முடியும். வெளியில பிடிச்ச தாய் ரெண்டு ஆணோட சேந்திருந்தா விகிதம் குழம்பும்.

செத்ததைச் சேக்கறவங்க பட்டர் பேப்பரை முக்கோணமா மடிச்சு, மேல தேதி, இடம், தாயோட எண் எழுதிட்டு, அதுக்குள்ள இறக்கையை மூடி வைங்க. வெச்சுட்டு மேல எழுதினா பேனா அழுத்தத்துல இறக்கை உடையும். நாப்தலின் உருண்டை டப்பாவுல இல்லன்னா எறும்பு மழைக்காலம் தாண்ட விடாது. அப்புறம் சட்டம்: காட்டுக்குள்ள வலை எடுத்துப் போகவே வனத்துறை அனுமதி வேணும். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோட அட்டவணைகள் 2022 திருத்தத்துல மாறியிருக்கு, பழைய பட்டியலை நம்பாதீங்க. வேஷத்தை ஒப்பிட சிவப்புடல் அழகி வேணும்னா பிடிக்காதீங்க, போட்டோ போதும். வளர்த்ததை எல்லாம் தாய் கிடைச்ச அதே தோட்டத்துல, இறக்கை காஞ்ச மறுநாள் காலையில வெயில் ஏறினதும் விடுங்க. செத்ததையும் அட்டவணையில எந்தப் பருவத்துல போச்சுன்னு ஒரு வரி எழுதிடுங்க. 50-ல 20 தான் மிஞ்சினா, விகிதம் கோணலா வந்ததுக்குக் காரணம் மரபணுவா இல்ல சாவான்னு அந்த வரியை வெச்சுத்தான் தேட முடியும்.