கடலுக்குப் போக வேண்டிய மணல்

(கிருஷ்ணகிரியில் ஒரு நூலக வாசகர் வட்டக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். கடலரிப்பைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும் என் வீட்டுக்காரியே சிரித்துவிட்டாள். இங்கிருந்து கடலைப் பார்க்க அரை நாள் பஸ்ஸில் உட்கார வேண்டும். மாங்காய் விலையைப் பற்றிப் பேசினாலாவது நாலு பேர் வருவார்கள் என்றாள். பரவாயில்லை, நாலு பேருக்கு மேலேயே வந்திருக்கிறீர்கள்.

நான் இன்ஜினியர் இல்லை. காவேரிப்பட்டணத்துக்காரன். கல் குவாரியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த என்னை ஒரு ஒப்பந்தக்காரர் கடலூர்ப் பக்கம் அழைத்துப் போனார். மீனவர் கிராமம் ஒன்றில் கரையோரம் கல் கொட்டும் வேலை. லாரி வர வர எடைச் சீட்டைச் சரிபார்ப்பேன், பெரிய கற்களுக்குச் சிவப்புப் பெயிண்டில் நம்பர் போடுவேன். ஒவ்வொன்றும் ஒரு டன், இரண்டு டன். ஐப்பசியில் வேலை முடிந்தது. தை மாதம் போய்ப் பார்த்தால் நான் போட்ட நம்பர்களில் பாதியைக் காணோம். இரண்டு டன் கல்லை யார் திருடுவார்கள்? எல்லாம் மணலுக்குள் இறங்கியிருந்தன. 117ஆம் நம்பர் கல்லுக்கு முதுகு மட்டும் தெரிந்தது, எருமை தண்ணீரில் கிடக்கிற மாதிரி.

பக்கத்தில் ஒரு பெரியவர் வலையில் பொத்தல் தைத்துக்கொண்டிருந்தார். "தம்பிக்கு எந்த ஊரு?" என்றார். "காவேரிப்பட்டணம், பெண்ணையாத்தங்கரைங்க" என்றேன். ஊசியை நிறுத்தாமலே, "அப்ப எங்க மணலு உங்க ஊர்லதான் கெடக்கு" என்றார்.

அன்றைக்கு எனக்குக் கோபம்தான் வந்தது. இவ்வளவு கல்லைக் கொண்டுவந்து கொட்டியிருக்கிறோம், இந்த மனுஷன் மணலைக் கேட்கிறாரே என்று. அவர் சொன்னது புரியக் கொஞ்ச காலம் ஆயிற்று.

நந்தி மலையில் பிறக்கிற தென்பெண்ணை ஓசூரில் கெலவரப்பள்ளி அணையில் நிற்கிறது. அப்புறம் நம்ம கே.ஆர்.பி. அணை, அதாவது கிருஷ்ணகிரி அணை, 1957இல் திறந்தது. அதைத் தாண்டிக் காவேரிப்பட்டணம், இருமத்தூர், அனுமந்தீர்த்தம் என்று போய்ச் சாத்தனூர் அணையில் மறுபடி நிற்கிறது. அதற்கப்புறம்தான் கடலூர், அங்கேதான் கடலில் சேர்கிறது. அணையில் தண்ணீர் நின்றால் என்றைக்காவது திறந்துவிடுகிறோம். மணல் அப்படி இல்லை. கலங்கல் தண்ணீரில் மிதந்து வரும் நுண்ணிய வண்டல் ஷட்டர் வழியாகக் கொஞ்சம் போகும். அடியில் உருண்டு வரும் கனத்த மணல் அணைக்குள்ளேயே படுத்துவிடும். கரைக்கு வேண்டியது அந்தக் கனத்த மணல்தான். மீதி வழியில் கிடந்ததை லாரியும் மாட்டுவண்டியும் அள்ளிக்கொண்டன. என் வீட்டு மொட்டை மாடியும் அந்த மணலில் கட்டியதுதான், மறைக்கவில்லை.

சரி, எல்லாப் பழியையும் அணை மேல் போட்டுவிட்டு நான் தப்பிக்க முடியாது. கல் ஏன் இறங்கியது? அலை கல் சுவரில் மோதித் திரும்பும்போது அடிமணலை வாரிக்கொண்டு போகும். அதற்காகத்தான் கல்லுக்கு அடியில் வடிகட்டித் துணி விரிக்க வேண்டும். தண்ணீர் போகும், மணல் போகாது. எங்கள் வேலையில் துணி விரித்ததாகப் பில்லில் இருந்தது. நான் அந்தத் துணியைப் பார்த்ததே இல்லை. பில்லில் சரிபார்த்தவன் என்று கையெழுத்துப் போட்டதும் நான்தான்.

ஆனால் துணியே போட்டிருந்தாலும் ஒரு சங்கதி பாக்கி இருக்கிறது. கடற்கரை மணல் ஒரே இடத்தில் கிடப்பதில்லை, அது நடக்கும். தெற்கிலிருந்து சோழகக் காற்று அடிக்கும் மாதங்களில் வடக்கே போகும், வாடைக் காலத்தில் தெற்கே திரும்பும். கூட்டிக் கழித்தால் நம் கிழக்குக் கரையில் வடக்கே போவதுதான் அதிகம். நடுவில் கல்லை நீட்டினால் தெற்கே குவியும், வடக்கே பள்ளம் விழும். சென்னைத் துறைமுகத்தை 1870களில் கட்டத் தொடங்கினார்கள். தெற்கே மெரினா அகலமாகிக்கொண்டே போனது, வடக்கே ராயபுரம் பக்கம் கடல் தெருவுக்குள் வந்தது. நாம் ஞாயிற்றுக்கிழமை சுண்டல் தின்கிற மணலில் ஒரு பங்கு ராயபுரத்துக்காரர்களுடையது. புதுச்சேரியிலும் 1980களில் துறைமுகம் வந்த பிறகு இதே கதைதான். ஊருக்கு முன்னால் இருந்த மணல் போய்க் கருங்கல் மிஞ்சியது.

தூண்டில் வளைவு என்று செய்தியில் படித்திருப்பீர்கள். கரையிலிருந்து கடலுக்குள் கை நீட்டின மாதிரி போடும் கல் வரிசை. ஓர் ஊரில் போட்டால் அதன் வடக்கே இருக்கிற ஊரில் வீடு விழும். அவர்கள் சாலை மறியல் செய்வார்கள், அவர்களுக்கும் ஒன்று போடுவார்கள். அப்புறம் அதற்கு அடுத்த ஊர். மேல்மடைக்காரன் வாய்க்காலை அடைத்தால் கடைமடைக்காரன் என்ன ஆவான் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அங்கே தண்ணீருக்குப் பதில் மணல், அவ்வளவுதான். இன்ன ஊருக்கு மட்டும் தடுப்பு என்று கேட்பதே தப்பு. முகத்துவாரத்திலிருந்து அடுத்த முகத்துவாரம் வரைக்கும் ஒரே கணக்காக எழுத வேண்டும்.

கல்லே கூடாது என்று சொல்ல வரவில்லை. தரங்கம்பாடியில் மாசிலாமணிநாதர் கோயில் இருக்கிறது. 1306இல் மாறவர்மன் குலசேகர பாண்டியன் கட்டியது. முன் பகுதியைக் கடல் தின்றுவிட்டது. இன்றைக்கு அது நிற்கிறதென்றால் கோயிலுக்கு எதிரே கொட்டிய கல்தான் காரணம். நகர முடியாத இடத்துக்குக் கல் வேண்டும். ஆனால் கரை வேண்டுமென்றால் மணலைத்தான் கொடுக்க வேண்டும். துறைமுக வாயிலில் தூர்வாரும் மணலை ஆழ்கடலில் கொட்டாமல் வடபுறக் கரையில் போடலாம். புதுச்சேரியில் தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் 2018 வாக்கில் தண்ணீருக்குள் ஆப்பு வடிவத்தில் ஒரு தடுப்பை இறக்கியது. அலை அதில் வேகம் குறைந்து வந்தது, தலைமைச் செயலகத்துக்கு எதிரே மணல் திரும்பிச் சேர்ந்தது. பல வருஷம் கருங்கல்லையே பார்த்தவர்கள் மறுபடி காலை மணலில் வைத்தார்கள்.

செலவே இல்லாத காவலும் உண்டு. மணல்மேடு. அதன்மேல் படரும் அடும்புக்கொடி, முள்ளுமுள்ளாக நிற்கும் இராவணன் மீசைப் புல். காற்றில் பறக்கும் மணலை அவை பிடித்துவைக்கும், புயலலை வந்தால் முதல் அடியை மேடு வாங்கும். கடல் தெரியவில்லை என்று அந்த மேட்டைச் சமப்படுத்திவிட்டு அதே இடத்தில் கான்கிரீட் சுவர் கேட்கிறோம்.

2024இல் ஃபெஞ்சல் புயல் நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரை ஏறியது. கடற்கரையோடு முடிந்ததா? இரண்டு நாளில் நம்ம ஊத்தங்கரையில் 50 செ.மீ. மழை. சாலையோரம் நின்ற வேன்களும் பஸ்ஸும் பொம்மை மாதிரி உருண்டதை எல்லோரும் செல்போனில் பார்த்தோம். சாத்தனூரில் வினாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் திறந்தார்கள், கடலூர்க் கிராமங்கள் மூழ்கின. புயல் அங்கிருந்து இங்கே வந்தது, தண்ணீர் இங்கிருந்து அங்கே போனது. வலை தைத்த பெரியவர் வீடு அந்த ஆற்றின் வாய்க்குப் பக்கத்தில்தான்.

இப்போது அணையில் தூர்வார வேண்டும் என்று நம் பக்கத்து விவசாயிகள் கேட்கிறார்கள். நியாயம். வண்டல் வயலுக்குப் போகட்டும். அதற்கு அடியில் கிடக்கும் மணலை யாருக்கு ஏலம் விடப் போகிறோம் என்று கேட்க, அந்தக் கூட்டத்துக்குக் கடலூரிலிருந்தும் இரண்டு பேரைக் கூப்பிடலாம் என்பது என் எண்ணம். காவேரிப்பட்டணத்தில் என் வீட்டுத் திண்ணையிலேயே தங்கிக்கொள்ளட்டும்.

கேள்வி இருந்தால் கேளுங்கள். ஊத்தங்கரைக்காரர்கள் முதலில் கேட்டுவிடுங்கள், உங்கள் கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று வாசலில் கை காட்டுகிறார்கள்.