அழிவு எதையும் ஆக்குவதில்லை

நடுவர் அவர்களே, எதிரணி அறிஞர்களே, மண்டபம் நிறைந்திருக்கும் யாழ்ப்பாணத்து உறவுகளே, வணக்கம்.

'பேரழிவுகள் உயிர்களின் கூர்ப்பை, அதாவது பரிணாமத்தை, வளர்த்தனவா, வதைத்தனவா?' இதுதான் இன்றைய வழக்கு. வதைத்தன என்று வாதாட நிற்கிறேன்.

எதிரணித் தலைவர் சொன்னார்: "6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் மெக்சிக்கோவின் யுகட்டான் பகுதியில் அந்த விண்கல் விழாவிட்டால் டைனோசர்கள் ஒழிந்திருக்கமாட்டா, முலையூட்டிகள் தலையெடுத்திருக்கமாட்டா, இந்த மேடையும் இல்லை." நீங்கள் கைதட்டினீர்கள். அதில் பாதியை நானும் ஒத்துக்கொள்கிறேன். விண்கல் காணியை வெறுமையாக்கியது. ஆனால் வெறும் காணியில் வீடு தானாக முளைக்காது. கட்டத் தெரிந்த கை வேண்டும்.

அந்தக் கை எப்போது பழகியது? சீனாவில் கிடைத்த உயிர்ச்சுவடுகள் விடை சொல்கின்றன. காஸ்டரோகோடா என்ற முலையூட்டி ஏறத்தாழ 16 கோடி ஆண்டுகளுக்கு முன்பே தட்டை வாலோடு நீந்தித் திரிந்தது. ரெபெனோமாமஸ் என்ற இன்னொன்றின் வயிற்றுப் பகுதியில் டைனோசர் குஞ்சின் எலும்புகள் கிடைத்தன. டைனோசரைத் தின்ற முலையூட்டி, நடுவர் அவர்களே! விண்கல் வருவதற்குப் பல கோடி ஆண்டுகள் முன்பே நம் மூதாதையரின் உறவுகள் நீந்தவும் வேட்டையாடவும் கற்றிருந்தன. அந்த விண்கல் முலையூட்டி இனங்களிலும் பெரும்பகுதியைக் கொன்றது என்பதை எதிரணியில் ஒருவரும் சொல்லவில்லை.

பூக்கும் தாவரங்களையும் பாருங்கள். பூவும் அதை நாடிய பூச்சியும் ஒன்றையொன்று வளர்த்துக்கொண்டு பல்கியது டைனோசர் காலத்திலேயே. அதற்கு எந்த விண்கல்லும் தேவைப்படவில்லை.

இனி அதைவிடப் பெரிய, அதற்கும் முந்திய அழிவுக்கு வருகிறேன். நாம் கிணறு வெட்டும் இந்தச் சுண்ணாம்புக்கல், டைனோசர்களுக்கு வெகு பின்னர் வந்த மயோசீன் காலக் கடலில் சிப்பி ஓடுகளும் முருகைக்கற்களுமாகப் படிந்து இறுகியது. கடலுயிர்கள் பொறுமையாகக் கட்டினால் ஒரு குடாநாடே எழும் என்பதற்கு நம் காலடிதான் சாட்சி. 25.2 கோடி ஆண்டுகளுக்கு முன், பெர்மியன் காலத்தின் முடிவில், கடலுயிர்களின் அத்தகைய கட்டுமான வேலை நின்றுபோனது. சைபீரியாவில் எரிமலைக் குழம்பு பெருக்கெடுத்தது. காபனீரொட்சைட்டு வானில் நிறைந்தது. கடல் சூடாகி ஒட்சிசன் இழந்தது. கடல்வாழ் இனங்களில் பத்தில் எட்டுக்கு மேல் அழிந்தன. 25 கோடி ஆண்டுகளுக்கு மேல் தாக்குப்பிடித்த, திரைலோபைட்டு என்ற ஓட்டுடல் கடலுயிர் வம்சம் அத்தோடு முடிந்தது. முருகைக்கற்பார்கள் மறைந்தன. நிலத்தில் ஏறத்தாழ ஒரு கோடி ஆண்டுக்கு நிலக்கரிப் படிவே இல்லை. அதைத் தரக்கூடிய சதுப்புக் காடுகள் இல்லை. இந்தியா, தென்னாபிரிக்கா, அந்தார்டிக்கா எங்கும் லிஸ்ட்ரோசோரஸ் என்ற ஒரே விலங்கின் எலும்புகளே மிகுதி. இதையா வளர்ச்சி என்கிறீர்கள்?

"வல்லவை பிழைத்தன, பலவீனமானவை போயின" என்றும் எதிரணியில் சொன்னார்கள். பாக்கு நீரிணைக்கு அப்பால், அரியலூர்ப் பக்கத்துக் கல்லில் கணவாயின் உறவான, சுருள் ஓட்டு அம்மோனைட்டுகள் கிடைக்கின்றன. 30 கோடி ஆண்டுகளுக்கு மேல் கடலில் நிலைத்து, முந்தைய பேரழிவுகளையெல்லாம் தாண்டிவந்த வம்சம் அது. அதுவா பலவீனம்? விண்கல் விழுந்தபின் அம்மோனைட்டு போனது, அதேபோல் சுருள் ஓடு கொண்ட அதன் உறவான நோட்டிலஸ் நின்றது. அம்மோனைட்டின் குஞ்சுகள் மிகச் சிறியவை, கடலின் மேல்நீரில் மிதந்தவை. மேல்நீர் கெட்டபோது அவை பட்டினியால் மாண்டன என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். குஞ்சு எங்கே வளர்ந்தது என்பதே தீர்ப்பானது. அதைத் திறமை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அவையோரே, இதை இந்த ஊரில் சொல்லாமல் வேறெங்கே சொல்வது? 1981இல் நம் நூலகம் எரிந்தது. ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும். பின்னர் கட்டடம் எழுந்தது, அலுமாரிகளில் நூல்கள் வந்தன. அச்சு நூலுக்கு வேறொரு படி எங்கோ இருந்தது. ஒற்றைப் படியாக இருந்த ஓலைச்சுவடிக்கு? ஒவ்வோர் உயிரினமும் அந்த ஓலைச்சுவடி. கோடிக்கணக்கான ஆண்டுகள் கீறி எழுதிய ஒரே படி.

இன்று அந்த நூலகத்தில் படிக்கும் பிள்ளையைக் காட்டி, "நெருப்புத்தான் இதைக் கட்டித் தந்தது" என்று இந்த மண்டபத்தில் ஒருவராவது சொல்வீர்களா? மாட்டீர்கள். அந்த விண்கல்லையும் அதே கோலால் அளந்து தீர்ப்புச் சொல்லுங்கள், நடுவர் அவர்களே.